ஏஸ் என்றால் ஏஸ், ஊருக்கு அது குட்டி யானை

பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், நாலு சாக்கு மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. இத்தனையையும் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டுமென்றால் நம்ம ஊரில் "ஒரு குட்டி யானை சொல்லிடு" என்பார்கள். பிழைப்புக்காக நாம் வந்து சேர்ந்திருக்கும் ஊர்களில், அது புனேயோ நாக்பூரோ போபாலோ, அதே வண்டியை "சோட்டா ஹாத்தி" என்கிறார்கள். மொழி மாறினாலும் மிருகம் மாறவில்லை பாருங்கள்.

டாடா மோட்டார்ஸ் அதற்கு வைத்த பெயர் "ஏஸ்". சீட்டுக்கட்டில் வருகிற ஏஸ். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது லோடு ஏற்றக் கூப்பிட்டு நான் அதிகம் கேட்டதில்லை. கடைசியில் நிறுவனமே தன் அறிக்கைகளில் மக்கள் அன்போடு சோட்டா ஹாத்தி என்று அழைக்கும் வண்டி என்று எழுத ஆரம்பித்துவிட்டது. இந்தச் சின்ன வண்டியின் கதை, வங்கியில் உட்கார்ந்து வண்டிக் கடன் பார்க்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு மிகவும் பிடித்த கதை. காரணம், இதில் விலையும் கௌரவமும் ஒரே கணக்கில் வருகின்றன.

சின்ன வண்டிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொள்வது புதிதல்ல. வட இந்தியாவில் எந்தச் சின்ன சரக்கு வண்டியையும் "டெம்போ" என்பார்கள். நம் பக்கமும் அந்த வார்த்தை உண்டு. டெம்போ என்பது ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்து ஒரு கம்பெனியின் பெயர். 1958ல் இங்கே பஜாஜ் டெம்போ என்று கூட்டு நிறுவனம் வந்தது. ஹான்சீட் என்ற மூன்று சக்கர வண்டியை அவர்கள் பல பத்தாண்டுகள் செய்தார்கள். ஹான்சீட் என்ற பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, கம்பெனி பெயரே வண்டியின் பெயர் ஆகிவிட்டது. 2005ல் அந்த நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. தெருவில் டெம்போ இன்னும் டெம்போதான். இன்னொரு பக்கம் இத்தாலிக்காரர்களின் பியாஜியோ, 1948லிருந்து செய்து வந்த "ஆபே" என்ற மூன்று சக்கர வண்டியை 90களின் கடைசியில் மகாராஷ்டிராவில் பாராமதியில் செய்து விற்க ஆரம்பித்தது. ஆபே என்றால் இத்தாலிய மொழியில் தேனீ. தேனீ என்று தெரிந்து வாங்கியவர் நம் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்!

பெரிய வண்டிகளின் பக்கம் கதை வேறு. 80களின் நடுவில் ஜப்பான்காரர்கள் நான்கு கூட்டணி போட்டு வந்தார்கள்: டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மாஸ்டா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்சுபிஷி. பார்க்க அழகான வண்டிகள். ஆனால் 1985க்குப் பிறகு ஜப்பானிய யென் கன்னாபின்னாவென்று ஏறியது. அங்கிருந்து உதிரி பாகம் இறக்கி இங்கே பூட்டுவது கட்டுப்படியாகவில்லை. 1986ல் டாடா தன் 407ஐ இறக்கியது. பெயர்கூட வைக்கவில்லை, வெறும் நம்பர். இன்றைக்கும் "ஃபோர் நாட் செவன்" என்றால் தெரியாத டிரைவர் கிடையாது.

ஆக 2000ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை இப்படி. மேலே 407, அதற்கு ஓரளவு வசதியுள்ளவர் வேண்டும். கீழே மூன்று சக்கர லோடு ஆட்டோ. அதற்கும் கீழே மாட்டு வண்டியும், சென்னையில் மீன்பாடி வண்டியும். நடுவில் பெரிய காலி இடம்.

அந்த சமயத்தில் டாடா (அப்போது பெயர் டெல்கோ, 2003ல்தான் டாடா மோட்டார்ஸ் ஆனது) 2000-01 நிதியாண்டில் சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. நஷ்டத்துக்குப் பெரிய காரணம் லாரி விற்பனை படுத்ததுதான். லாரி வியாபாரம் பொருளாதாரம் தும்மினால் ஜலதோஷம் பிடிக்கிற வியாபாரம். வணிக வாகனப் பிரிவின் பொறுப்பில் இருந்த ரவி காந்த், இந்த ஏற்ற இறக்கத்தில் சிக்காத ஒரு பொருள் வேண்டும் என்று நினைத்தார். வேலை கிரீஷ் வாக் என்ற இளம் பொறியாளரிடம் போனது. அவர் குழு முதலில் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. வரைபலகையில் உட்காராமல், மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்களைத் தேடிப் போய், நூற்றுக்கணக்கான பேரிடம் பேசினார்கள். எவ்வளவு ஏற்றுகிறாய், எத்தனை கிலோமீட்டர், மாதம் என்ன நிற்கிறது என்று.

அதில் ஒருவர் சொன்னதுதான் பின்னாளில் மேனேஜ்மெண்ட் வகுப்புகள் வரை போய்ச் சேர்ந்தது. நான்கு சக்கர வண்டி இருந்தால் கிராமத்தில் தனக்கு நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்றாராம். மைலேஜ், டயர், இஞ்சின் எதையும் அவர் முதலில் சொல்லவில்லை. மூன்று சக்கரம் என்றால் டிரைவர், நான்கு சக்கரம் என்றால் வண்டிக்காரர். நம் ஊரில் பெண் பார்க்கப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

வண்டி 2005 மே மாதம் வந்தது. இஞ்சினுக்கு ஒரு சிக்கனமான வழி கண்டுபிடித்தார்கள். இண்டிகா காரின் 1.4 லிட்டர் டீசல் இஞ்சினில் நான்கு சிலிண்டர். அதைப் பாதியாக்கினால் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். முக்கால் டன் சுமை. வெளியூர் ஹைவேயில் பறக்க முடியாது, பறக்கவும் வேண்டாம். மார்க்கெட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து தெருவுக்கு ஓடினால் போதும். விலை சுமார் 2.25 லட்சம். மூன்று சக்கர லோடு வண்டியைவிட இது கணிசமாக அதிகம் என்பதைக் கவனியுங்கள். மலிவாகக் கொடுத்ததால் விற்றது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று சக்கரக்காரர் கைக்காசைக் கூடப் போட்டு வாங்கினார், அதுதான் விஷயம். இரண்டு வருஷத்துக்குள் முதல் லட்சம் வண்டி போய்விட்டது.

கூடக் கொடுக்க அவரால் எப்படி முடிந்தது? இங்கே என் தொழில் உள்ளே வருகிறது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 2 லட்சம் கடன், 12 சத வட்டி, 48 மாதம். மாதத் தவணை ஏறக்குறைய 5,270 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் நாளொன்றுக்கு 200 ரூபாயைச் சுற்றி. வண்டி வாங்க வருகிறவர் 2.25 லட்சம் என்ற எண்ணைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது இந்த 200ஐ. ஒரு நடை கூடுதலாக அடித்தால் ட்யூ வந்துவிடும் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். இந்த வண்டியின் உண்மையான விளம்பரம் அந்தக் கணக்குதான் என்பேன்.

இப்படிப்பட்டவரை நம்பிக் கடன் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் ஏற்கெனவே வேர் விட்டிருந்தது. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954ல் தொடங்கியது. 1979ல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் திரும்பிப் பார்க்காத பழைய லாரி டிரைவர்களுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. சம்பளச் சீட்டு இல்லாதவரும் ட்யூ கட்டுவார் என்று நிரூபித்தவர்கள் இவர்கள். நம் வங்கிகளிலும் சிறு சாலைப் போக்குவரத்துக்காரர் என்று முன்னுரிமைக் கடனில் ஒரு இனமே இருந்தது. 2015ல் முத்ரா திட்டம் வந்தபோது, 50 ஆயிரத்திலிருந்து 5 லட்சம் வரையிலான "கிஷோர்" பிரிவில் இந்தச் சின்ன வண்டி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

சட்டமும் கை கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். பர்மிட்டுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும் இதன் அருமை. அதே 2005 நவம்பரில் லாரிகளில் அளவுக்கு மீறி ஏற்றுவதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தங்க நாற்கரச் சாலைகளும் அப்போது உருவாகிக்கொண்டிருந்தன. பெரிய லாரி ஊருக்கு வெளியே நிற்கும், பகலில் நகரத்துக்குள் வரத் தடை. உள்ளே கொண்டு போக ஒரு குட்டி வேண்டும்.

போட்டி வராமல் இருக்குமா? மஹிந்திரா 2010ல் மேக்ஸிமோ, 2015ல் ஜீத்தோ. மாருதி 2016ல் சூப்பர் கேரி. அசோக் லேலண்ட் 2011ல் நிஸானோடு சேர்ந்து ஓசூரில் தோஸ்த். ஒன்றேகால் டன் வண்டி. சென்னைக் கம்பெனி, தமிழ்நாட்டில் செய்த வண்டி, பெயர் மட்டும் இந்தியில் நண்பன்! ஜீத்தோ என்றாலும் "ஜெயி" என்றுதான் அர்த்தம். பெயர் வைக்கிறவர்களுக்கு விற்பனை எங்கே அதிகம் என்று தெரியும், நாம் என்ன செய்ய. இருந்தாலும் நம் பக்கம் தோஸ்த் நன்றாகவே ஓடுகிறது. எங்கள் சித்தப்பா வகையில் ஒருவர் அதை "தோசை வண்டி" என்றே சொல்வார்.

இப்போது ஒரு ஒப்பீடு. டாடாவில் அதே கிரீஷ் வாக்கிடம் அடுத்து ஒப்படைத்த வேலை நானோ கார். 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் காட்டினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு லட்சம் ரூபாய் கார். ஆரம்பத்தில் அதைப் பூட்டியதுகூட ஏஸ் தயாரான உத்தராகண்ட் பந்த்நகர் தொழிற்சாலையில்தான். அதே நிறுவனம், அதே தலைமை, அதே சிக்கனம். ஆனால் 2018ஐத் தாண்டி நானோவால் ஓட முடியவில்லை. சிங்கூர் பிரச்சினை, சில கார்கள் தீப்பிடித்த செய்திகள் என்று காரணங்கள் பல உண்டு. முக்கியமான காரணத்தை ரத்தன் டாடாவே பிறகு ஒப்புக்கொண்டார்: மிக மலிவான கார் என்று அதற்கு முத்திரை விழுந்தது தவறு என்று. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவர் தெருவில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் மாறுகிறார். "இருப்பதிலேயே மலிவானதை வாங்கியிருக்கிறான்" என்று பேசுவதற்காகவா மாறுவார்? ஏஸ் வாங்கியவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் தெருவில் அவர்தான் முதலாளி. யானை என்று ஊர் பெயர் வைத்ததும் அந்த மரியாதையில்தான். குட்டியாக இருந்தாலும் யானை.

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2010-12 வாக்கில் எல்லோரும் கடன் கொடுத்தார்கள். முன்பணம் குறைந்துகொண்டே போனது. சின்ன ஊர்களில்கூட இந்த வண்டிக்கென்று சின்ன ஷோரூம்கள் வந்தன. ஸ்டாண்டில் இரண்டு வண்டி நின்ற இடத்தில் பத்து நின்றால் என்ன ஆகும்? வாடகை இறங்கும், நடை குறையும், அந்த 200 ரூபாய் மட்டும் அப்படியே நிற்கும். கூடவே டீசல் விலை ஏற்றம், பொருளாதார மந்தம். 2013-14ல் சின்ன சரக்கு வண்டிகளின் விற்பனை பலமாகச் சரிந்தது. தவணை தவறிய கணக்குகள் பெருகின, ஃபைனான்ஸ்காரர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள், யார்டுகளில் சீஸ் செய்த வண்டிகள் வரிசையாக நின்றன. மூன்று சக்கர வண்டி ஓட்டியபோது கடன் இல்லாமல் இருந்த சிலர், முதலாளி ஆன பிறகு வண்டியையும் இழந்து, முன்பணமாகப் போட்ட மனைவியின் நகையையும் இழந்து, மறுபடி இன்னொருவரின் வண்டிக்கு டிரைவராகப் போனார்கள். பெண் கொடுத்த வீட்டுக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எந்த மேனேஜ்மெண்ட் பாடத்திலும் எழுதவில்லை.

தப்பித்தவர்கள் யார் என்று பார்த்தால், கையில் ஒரு நிலையான லோடு இருந்தவர்கள். தண்ணீர் கேன் போடுபவர், பால் ஏஜென்சிக்காரர், காய்கறி மண்டியில் பழக்கம் உள்ளவர். விண்ணப்பத்தோடு வருகிறவரிடம் "வண்டி சரி, லோடு எங்கே?" என்று கேட்பது அதனால்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவருக்கு ஷ்யூரிட்டி கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு சந்தையும் மாறியது. வசதி வந்தவர்கள் ஒரு படி மேலே போய் பொலேரோ பிக்கப் வாங்கினார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததும் டீசல் இஞ்சின் விலை ஏறியது. ஏஸுக்கும் பெட்ரோல் இஞ்சின் வந்தது. 2022ல் மின்சார ஏஸை அறிமுகம் செய்தார்கள். 2025 ஜூனில் ஏஸ் ப்ரோ என்று ஒன்றை இறக்கினார்கள், பெட்ரோல் மாடல் 3.99 லட்சத்திலிருந்து. மறுபடியும் குறி வைத்திருப்பது மூன்று சக்கரக்காரர்களைத்தான். ஆனால் இந்த முறை எதிரே நிற்பது பழைய டீசல் ஆபே மட்டுமல்ல, பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர லோடு வண்டிகளும். ஆன்லைனில் நாம் வாங்குகிற பார்சல்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவதில் அவை நிறைய. அவற்றை ஓட்டும் பையன்களில் பலருக்கு வண்டி சொந்தமில்லை, மாத வாடகைக்கோ சம்பளத்துக்கோ ஓட்டுகிறார்கள். அந்த வண்டிக்கு ஊர் இன்னும் பெயர் எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.