டெம்போ, மெட்டடோர், கேரவன்: பழைய வேன்கள் சொல்லும் பாடம்



பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். படத்தில் மெத்தையும் திரைச்சீலையும்தான் தெரிகின்றன. வண்டியின் அடிப்பாகத்தை இதுவரை ஒருவரும் படம் எடுத்து அனுப்பவில்லை. அதனால்தான் இந்த வண்டிகளின் வரலாற்றைக் கொஞ்சம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நம் புதுச்சேரிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஹாலந்து நாட்டு வியாபாரி பென் பான் 1947 ஏப்ரலில் தன் குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வண்டியை வரைந்தார். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-ல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற ஜெர்மன் கம்பெனி அதற்குள் வைக்கக் கழற்றி மாட்டும் மரச்சாமான்களைச் செய்து கொடுத்தது. வாரநாளில் சரக்கு ஏற்றலாம், வார இறுதியில் படுத்து உறங்கலாம். இன்றைய கேம்பர் வேனின் தொடக்கங்களில் அது முக்கியமானது.

அதே ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தில் 'டெம்போ' என்று இன்னொரு கம்பெனி இருந்தது. அவர்கள் 1949-ல் விட்ட மெட்டடோர் வேனில் முதலில் இருந்ததும் ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்தான். இந்தக் கம்பெனியின் தொடர்போடு 1958-ல் பஜாஜ் டெம்போ தொடங்கியது. முதலில் மூன்று சக்கர வண்டி, பிறகு 1960-களின் கடைசியில் நம் ஊர் மெட்டடோர். கம்பெனியின் பெயரே நம் தமிழில் வண்டியின் பெயராகிவிட்டது. "டெம்போ பிடிச்சு வா" என்று சொல்லும்போது நாம் ஹாம்பர்க்கை நினைப்பதில்லை! பள்ளி வேன், பால் வண்டி, ஆம்புலன்ஸ், கல்யாண வண்டி என்று ஒரு தலைமுறைக்கே மெட்டடோர் உழைத்தது. 1980-களில் பென்ஸ் கம்பெனியின் ஓ.எம். 616 டீசல் இன்ஜினை உரிமம் பெற்று அதில் பொருத்தினார்கள். பல ஊர்களில் பழைய மெக்கானிக்குகளுக்கு அந்த இன்ஜின் இன்றும் மனப்பாடம்.

1960, 70-களில் ஐரோப்பிய இளைஞர்கள் பழைய வேன்களில் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், கைபர் கணவாய், லாகூர் வழியாக இந்தியாவுக்கு வந்தார்கள். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே பிரான்சிலிருந்து ஒரு வண்டிக் கூட்டம் தரை வழியாகக் கிளம்பி அங்கே வந்து சேர்ந்தது. ஆஸ்பிரேஷன் என்ற குடியிருப்பு அந்தக் காலத்தில் எழுந்ததுதான். பாரிசையும் நம் கோரிமேட்டு எல்லைக்கு அந்தப்பக்கச் செம்மண்ணையும் அப்படி ஒரு சாலை இணைத்திருந்தது. 1979-ல் ஈரானில் புரட்சி வந்தது, அந்த ஆண்டு முடிவில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அத்தோடு அந்தச் சாலை அடைபட்டது.

அவ்வளவு தூரம் பழைய வண்டிகள் எப்படி ஓடின? ஓட்டியவர்களில் பலர் ரிப்பேர் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பதில். 1969-ல் அமெரிக்காவில் ஜான் மியூர் என்ற பொறியாளர், ஒன்றும் தெரியாதவனும் படித்துத் தன் ஃபோக்ஸ்வாகனைச் சரி செய்யும்படி ஒரு புத்தகம் எழுதினார். 3,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்று, வால்வு இடைவெளியைச் சரி பார் என்று பாடம் நடத்துகிற புத்தகம். ஓர் ஆசிரியனாக எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை. அறிவைப் பட்டறைக்குள் பூட்டி வைக்காமல் எல்லோர் கையிலும் கொடுத்தார்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு, யானத்து உறவுகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1982 மார்ச்சில் கட்சி தொடங்கிய என்.டி. ராமாராவ், ஒரு பழைய செவ்ரலே வேனைச் செப்பனிட்டுச் 'சைதன்ய ரதம்' ஆக்கினார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, மேலே ஏறி நின்று பேசினார், உள்ளேயே உறங்கினார். ஆந்திரம் முழுக்க மாதக்கணக்கில் சுற்றி, 1983 ஜனவரியில் முதல்வரானார். அரசியல் எப்படியோ போகட்டும், அந்த வேன் நடுவழியில் படுத்திருந்தால் கூட்டம் கலைந்து போயிருக்கும் அல்லவா?

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் வண்டிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. நின்றுபோன வண்டிக்கு அது இரட்டை எதிரி. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபடும். கண்ணாடி ரப்பர் வெடித்து மழைநீர் உள்ளே இறங்கும். தரை விரிப்புக்கு அடியில் அந்த ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே தகடு அப்பளமாக நொறுங்கும். 1984-ல் வந்த மாருதி வேன் போன்றவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது, உடல்தான் எலும்பு. அங்கே தரைத் தகடு துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, பலமே போகிறது.

ஆகவே விலை பேசும் முன் ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. விரிப்பைத் தூக்கி, திருப்புளியால் தட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய டீசலையும் ஆயிலையும் வடித்து, டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரையும் கசடையும் கழுவி, இன்ஜினை ஸ்பேனர் போட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே சாவி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும். ஒயரிங்கை எலி கடித்திருக்கும்; தீ பிடிப்பது அங்கிருந்துதான்.

இதையெல்லாம் முடிக்காமல் பிளைவுட் அடித்தால் துருவுக்கு மூடி போட்டதாகும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. நிரம்பிய வீட்டுச் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. கட்டில், பேட்டரி, ஆட்கள், சாமான்கள் தனி. இந்தப் பாரத்தோடு திண்டிவனம் சாலையில் வேகமாகப் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்தால், நிறுத்த வேண்டியது அந்தப் பழைய பிரேக்தான். பின்னால் தூங்குவது உங்கள் குழந்தைகள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'மோட்டார் கேரவன்' என்று விதிகளில் தனி வகையும், அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் இருக்கின்றன. 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தகட்டை வெட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எது முடியும், எது முடியாது என்று கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிற்பதும் விழுவதும் இதில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மெட்டடோர் இன்ஜினின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் மெக்கானிக்குகளுக்கும், தகட்டைத் தட்டியே வடிவம் கொண்டுவரும் டிங்கர் ஆசாரிகளுக்கும் வயதாகிவிட்டது. ஜான் மியூர் போல அவர்கள் புத்தகம் எழுதப் போவதில்லை. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், கேளுங்கள், போனில் படம் எடுங்கள், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். யாராவது அப்படி எழுதினால் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப்பிழை திருத்தித் தருகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.