பெயரும் நிமிர்வும்

வெள்ளி விழா மலருக்காக நம் கல்விச் சங்கத்தின் முதல் மாணவர் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. பிள்ளைகளின் பெயர்கள் குமார் என்றும் செல்வி என்றும் புதுமையாக ஒலிக்கின்றன. எதிர்க் கட்டத்தில் உள்ள தந்தையர் பெயர்களோ மாடன், கருப்பன், மூக்கன், குருவன் என்று 'ன்' விகுதியிலேயே முடிகின்றன. பாட்டனார் பெயரைக் கேட்டால் பிச்சை, அமாவாசை, மண்ணாங்கட்டி என்பர். பிள்ளை தங்காத வீட்டில் நேர்த்திக்காக இடும் பெயர்கள் இவை. எல்லாச் சாதியாரிடமும் இவ்வழக்கம் உண்டு. ஆயினும் பிறருக்கு அப்பெயரின் பின்னால் ஒரு மரியாதைச் சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். நம்மவருக்கு அது வருவதில்லை.

நான் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது கண்ட ஒரு காட்சியை மறக்க இயலவில்லை. களத்து மேட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் என் தந்தையாரைப் பெயர் சொல்லி 'வாடா' என்று அழைத்தான். அவர் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'இதோ வந்தேன் சாமி' என்று ஓடினார். எனக்குச் சினம் பொங்கியது. ஆனால் அந்தச் சினம் என் தந்தையார் மீது வந்ததேயன்றி, அப்பையன் மீது வரவில்லை. அவனுக்கு அந்த உரிமை உண்டென்றே நானும் எண்ணியிருந்தேன்! எட்டு வயதுக்குள் அந்த எண்ணத்தை என் நெஞ்சில் விதைத்தவர் யார்? எவரும் உட்கார்ந்து கற்பிக்கவில்லை. ஊரின் நடைமுறையே ஆசிரியனாக நின்றது.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சார்லசு கூலி 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறர் நம்மைக் காணும் பார்வையே நமக்குக் கண்ணாடி என்றும், அதில் தெரியும் உருவத்தையே நாம் 'நான்' என்று கொள்கிறோம் என்றும் விளக்கினார். அந்நாட்டிலேயே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின இணையர் 1940களில் சிறுபிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து, எது நல்லது என்று வினவினர். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறவேற்றுமைப் பள்ளிகள் செல்லாவென்று தீர்ப்பளித்தபோது, இத்தகைய ஆய்வுகளையும் கருத்திற்கொண்டது. களத்து மேட்டில் நின்ற சிறுவனும் அப்பொம்மைகளைக் கையில் ஏந்திய குழந்தையும் ஒரே நோயின் இரு நோயாளிகள் அன்றோ? நம் அண்டை நாட்டில் நாராயண குரு 1927ஆம் ஆண்டு களவங்கோட்டில் சிலைக்கு மாற்றாக ஒரு கண்ணாடியையே நிறுவினார். கூலியை அவர் படித்திருக்க வேண்டிய தேவையில்லை. ஈழவ மக்களின் பட்டறிவே போதும்.

தமிழகத்தில் இக்கண்ணாடியை மாற்ற முயன்றோருள் முதற்கண் எண்ணத்தக்கவர் பண்டிதர் அயோத்திதாசர். 1881ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போதே, நம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதிய வேண்டும் என அரசினரைக் கேட்டவர் அவர். பிறர் இட்ட பெயரை நம் பெயராக ஏற்பதே அடிமைத்தனத்தின் முதற்படி என்பது அவர் துணிபு. இழிவு பின்னர் வந்தது, பெருமையே முந்தையது என்று நிலைநாட்ட 1898ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழை நடத்தினார். பின்னர் அது 'தமிழன்' என்றே வழங்கிற்று.

அவருடைய உறவினரும் சமகாலத்தவருமான இரட்டைமலை சீனிவாசனாரோ இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டார். 1893ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய இதழின் பெயரே 'பறையன்'. எச்சொல்லைக் கேட்டால் நம்மவர் தலைகுனிவரோ அச்சொல்லையே தலைப்பில் அச்சிட்டுத் தெருவில் விற்றார். ஒளித்து வைக்கும்வரை அப்பெயர் பிறர் கையில் ஆயுதம். நாமே உரக்கச் சொல்லிவிட்டால் அதன் கூர் மழுங்கும் என்று அவர் கருதியிருத்தல் வேண்டும். இவ்விருவருள் யார் செய்தது சரி என்று இன்றும் நம் திண்ணைகளில் வாதிடுகிறோம். என் மனம் பண்டிதர் பக்கம் சாய்வதுண்டு. எனினும் பள்ளிப் படிவத்தில் சாதிக் கட்டத்தை நிரப்பும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பெற்றோரைக் காணுந்தோறும், சீனிவாசனாரின் துணிவன்றோ இவர்களுக்குத் தேவை என்று தோன்றிவிடுகிறது.

கல்வி கொடுத்தோரும் பெயரின் தீங்கை உணர்ந்தாரில்லை. கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் திறந்த இலவசப் பள்ளி நன்றிக்குரியது. ஆயினும் அது 'பஞ்சமர் பள்ளி' என்றே வழங்கப்பட்டது. உள்ளே எழுத்தைக் கற்கும் குழந்தை வாயிற்பலகையையும் படிக்குமே! 1922ஆம் ஆண்டில் எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகவே, பஞ்சமர், பறையர் என்னும் சொற்களை நீக்கி, அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்று எழுதும் ஆணை பிறந்தது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1899 சூன் 6ஆம் நாள் சிவகாசி நகரம் தாக்கப்பட்டதும், கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908ஆம் ஆண்டு தோல்வியில் முடிந்ததும் நாடார் மக்களின் வரலாறு. அவர்கள் பிடியரிசி சேர்த்துப் பள்ளி வைத்தனர்; 1921 கணக்கெடுப்பில் தம் பெயரைத் தாம் விரும்பியவாறு பதியச் செய்தனர். 1923ஆம் ஆண்டு விருதுபட்டி என்ற ஊரே விருதுநகர் என்று பெயர் மாறியது. அவர்தம் உழைப்பிலிருந்து நாம் கற்க வேண்டுவன பல. ஒரு படி ஏறியவர் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்ப்பது அரிது என்பதையும் உடன் கற்றோம்.

அதே 1923ஆம் ஆண்டுதான் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை பொய்க்கும் கரிசல் காட்டில் அது பல்லாயிரவருக்குச் சோறிட்டது. களத்தில் கம்பும் சோளமும் கூலியாகப் பெறக் கையேந்தி நின்ற பெண், தீப்பெட்டி ஆபீசில் வாரக் கூலியைக் காசாக எண்ணி வாங்கியபோது அவள் முதுகு சற்றே நிமிர்ந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்நிமிர்வுக்கு அவள் மகள் விலை கொடுத்தாள். விடியுமுன் வரும் பேருந்தில் ஏறி, கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்த பிள்ளைகளிடம், 'நீ யார்?' என்றால், 'கட்டை அடுக்குகிறேன்' என்றே விடை வரும். 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசிச் சிறார் உழைப்பு குறித்த வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அவ்விடையை மாற்ற வழி திறந்தன. நம் சங்கத்தின் மாலை வகுப்புகள் அவ்வழியில் தோன்றியவையே.

நிமிர்ந்து நிற்பதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தோரும் உண்டு. படையில் பணியாற்றித் திரும்பிய இமானுவேல் சேகரனார் 1957 செப்டம்பர் 10ஆம் நாள் அமைதிக் கூட்டத்தில் நம் மக்கள் சார்பாகக் கலந்துகொண்டார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். 1985 வரை நம் வட்டாரமும் அதே இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்ததே.

இருக்கன்குடி மாரியம்மன் கோயில் தலவரலாற்றில், அன்னையின் இருப்பிடத்தை ஊருக்கு உணர்த்தியவள் சாணம் பொறுக்க வந்த சிறுமி. கீழே வைத்த கூடையை அவளால் தூக்க இயலவில்லை. அவள் வாய்வழியே அன்னை பேசினாள் என்பர். ஆடிக் கடைசி வெள்ளியன்று அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் அவ்விடத்தில் கூடும் பெருந்திரள் இக்கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கிறது. சாணக்கூடை சுமக்கும் பெண்ணை மறுநாள் எப்படி அழைக்கிறது என்பது வேறு கதை.

2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் ஏழு உட்பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயர் பெற்றனர். நூற்றாண்டுக்கு முன் சென்னையில் எழுந்த வினா இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு இது சான்று.

நம் பதிவேட்டில் தந்தையர் பெயரை எவ்வாறு எழுதுவது என்னும் வினாவும் சென்ற பொதுக்குழுவில் எழுந்தது. 'ர்' விகுதி சேர்க்க வேண்டும் என்றனர் இளைஞர். மாற்றுச் சான்றிதழோடு பெயர் முரண்பட்டால் உதவித்தொகை தடைப்படும் என்றார் பொருளாளர். ஒரு மூதாட்டியார் எழுந்து, 'கருப்பன் எங்க குலசாமி பேரு. அதை ஏன் மாத்தணும்? கூப்பிடுறவங்க ஒழுங்காக் கூப்பிடட்டும்' என்றார். பதிவேட்டில் பெயர்கள் உள்ளவாறே இருக்கின்றன. பெற்றோருக்கு விடுக்கும் மடல்களில் மட்டும் 'திரு. கருப்பன் அவர்கள்' என்று எழுதி வருகிறோம்.