சூது கவ்வும்
சூது கவ்வும், நலன் குமரசாமி இயக்கத்தில் 2013 மே 1 அன்று வெளியான தமிழ்க் குற்ற நகைச்சுவைப் படம். சி. வி. குமார் தயாரிக்க, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார்.

தனக்கென ஐந்து விதிகள் வகுத்துச் சிறு அளவில் ஆள்கடத்தும் தாஸ், வேலையற்ற மூன்று இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, நேர்மையான அமைச்சரின் மகனைக் கடத்துவதே கதை. தாஸின் கற்பனைத் தோழி ஷாலுவாக சஞ்சிதா ஷெட்டியும் அமைச்சரின் மகனாகக் கருணாகரனும் நடித்தனர்.

தாஸாக நடித்த விஜய் சேதுபதி, ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010) மூலம் நாயகனாகி, ‘பீட்சா’வால் (2012) பரவலாக அறியப்பட்டவர். பின்னர் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். அதே விருதை, மூன்று இளைஞர்களில் ஒருவராக நடித்த பாபி சிம்ஹா ‘ஜிகர்தண்டா’வுக்காக (2014) பெற்றார். மற்றோர் இளைஞராக நடித்த அசோக் செல்வன் ‘தெகிடி’ (2014), ‘போர் தொழில்’ (2023) படங்களில் நாயகனாக நடித்தார். ‘சூது கவ்வும் 2’ 2024 டிசம்பரில் வெளியானது.