மேனர் முறை: தோற்றமும் வளர்ச்சியும்

இடைக்கால ஐரோப்பாவின் நிலமானிய சமுதாயம் என்றதும் மன்னர்களும் பிரபுக்களும் குதிரை வீரர்களுமே நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் சோறு போட்டது மேனர் என்னும் பண்ணை அமைப்பு. எந்த அரசரும் அதை ஒரே ஆணையில் ஏற்படுத்திவிடவில்லை. பல நூற்றாண்டு நெருக்கடிகள் அதைச் சிறுகச் சிறுக உருவாக்கின.

ரோமப் பேரரசின் பிற்காலத்தில் செல்வர்களின் பெரும்பண்ணைகளில் 'கொலோனஸ்' எனப்பட்ட குத்தகை உழவர்கள் பயிரிட்டார்கள். பேரரசர் டயோக்ளீஷியன் காலத்து வரித்திட்டம் நிலத்தையும் அதில் உழைப்போரையும் சேர்த்தே கணக்கிட்டது. உழவர் வெளியேறினால் வரிவசூல் பாதிக்கப்படும். 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம், தப்பியோடிய கொலோனஸை அவர் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொன்னது. ஓட நினைப்பவருக்கு விலங்கிடவும் இடமளித்தது. உழவரை மண்ணோடு பிணைக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

476இல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த பின் மேற்கு ஐரோப்பாவில் காவல் தரும் வலுவான பேரரசு இல்லை. சிறு உழவர் பலர் தம் நிலத்தைப் பிரபுவிடமோ மடாலயத்திடமோ ஒப்படைத்து, பயிரிடும் உரிமையை மட்டும் திரும்பப் பெற்றனர். பாதுகாப்புக்கு அவர்கள் கொடுத்த விலை சுதந்திரம்.

ஆயினும் ரோமப் பண்ணையே அப்படியே மேனராக மாறிவிடவில்லை. லுவார், ரைன் ஆறுகளுக்கு இடைப்பட்ட பிராங்கியர் நாட்டில்தான் அதன் முழு வடிவம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே நிலம் இரண்டாகப் பிரிந்தது: ஒன்று பிரபுவின் சொந்தச் சாகுபடி நிலம், மற்றது உழவர் குடும்பங்களுக்கு விட்ட பங்கு நிலம். பங்கு நிலம் பெற்றவர் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைக்க வேண்டும். இந்தப் பிணைப்பே மேனரின் உயிர்நாடி. 800ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த அரச பண்ணைகளுக்கான ஆணை, பண்ணை வருவாயை ஆண்டுதோறும் கணக்கெழுதச் சொன்னது.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் செயின்ட் ஜெர்மைன் மடாலயத் தலைவர் இர்மினோன் தொகுப்பித்த பண்ணைப் பதிவேடு இந்த முறையை நேரில் காட்டுகிறது. அதில் போடோ என்ற உழவரும் அவர் மனைவி எர்மென்ட்ரூடும் மூன்று குழந்தைகளுடன் இடம்பெறுகிறார்கள். உழவு வேலை, கைவேலை என வாரந்தோறும் ஊழியம், 3 கோழிகள், 15 முட்டைகள், பன்றிகளைக் காட்டில் மேய்க்கும் உரிமைக்காக மது என அவர்கள் செலுத்த வேண்டியவை வரிசையாக எழுதப்பட்டுள்ளன.

இங்கிலாந்தில் 1066இன் நார்மன் வெற்றிக்கு முன்பே இத்தகைய பண்ணைகள் இருந்தன. அந்த வெற்றிக்குப் பின் 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பு, மேனர்வாரியாக நாட்டின் பெரும்பகுதியைப் பதிவு செய்தது. மேனர் வழக்கத்தை ஒட்டிய நில உரிமை அங்கே சட்டப்படி முடிவுக்கு வந்தது 1926இல்தான்.

நிறுவனங்களின் வரலாற்றை நிறுவியவர்களின் பெயரால் எழுதுவது வழக்கம். மேனருக்கு அப்படியொரு நிறுவனர் இல்லை. அதைத் தாங்கியவர்கள் போடோ, எர்மென்ட்ரூட் போன்ற உழவர்கள். வசூலுக்காக எழுதிய ஏடே அவர்கள் பெயரைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. வரலாறு பயில்வோர் அந்த ஏடுகளை வாங்கியவரின் பக்கமிருந்து மட்டுமன்றி, கொடுத்தவரின் பக்கமிருந்தும் படிக்க வேண்டும்.