இல்லம் சென்று காணும் மருத்துவம்
நுரையீரல் நோய்த் தொண்டின் வரலாறும் ஆயரின் கடமையும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் நெடுமதிலையும் கண்டு வியந்து திரும்புவர். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மராட்டியரின் படைத்தலங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது செஞ்சியும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஆயினும் இறையியல் மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது நாம் முதலில் நிறுத்திக் காட்டுவது மதிலையன்று. இராசகிரியின் அடிவாரத்தில் நிற்கும் களஞ்சியங்களையே காட்டுகிறோம்.

1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர்கான் இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். உள்ளே மராட்டிய மன்னன் இராசாராம் இருந்தான். அந்நெடிய முற்றுகையின் நடுவே பசியால் வாடியது கோட்டைக்கு உள்ளிருந்தோர் மட்டுமன்று. வெளியே பாளையமிறங்கியிருந்த முகலாயப் படையும் உணவின்றித் தவித்தது. பின்னர் 1750-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றி 1761 வரை வைத்திருந்தனர். அவ்வாண்டுகளில் அவர்களுடைய ஐரோப்பியப் போர்வீரர் பெருந்தொகையாக நோய்க்கு இரையாயினர். மதில் எத்துணை உயர்ந்ததாயினும் களஞ்சியம் வெறுமையானால் காவலில்லை. நோய்க்கு மதில் ஒரு தடையுமில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் செஞ்சி நமக்கு உணர்த்துகிறது.

மனித உடலும் இத்தகையதொரு கோட்டையே எனலாம். மூச்சின் வழியாக உட்புகும் நோய்களை எதிர்த்து நம் நாடு நூறாண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறது. அப்போராட்டத்தில் மருத்துவ ஆராய்ச்சி கண்டறிந்தவை யாவை என்பதையும், அவற்றிலிருந்து திருச்சபை கற்க வேண்டியது யாது என்பதையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

1. மலையடிவாரத்துச் சானட்டோரியம்

எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-இல் ராபர்ட் கோக் கண்டறிந்தார். காரணம் தெரிந்தபோதிலும் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர் கையாண்ட வழி தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய மூன்றே. இவற்றைத் தருவதற்காக நகரங்களுக்குத் தொலைவில் சானட்டோரியங்கள் எழுந்தன.

தென்னிந்தியாவில் மிஷன் சங்கங்கள் பல ஒன்றுகூடி மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் ஒரு சானட்டோரியத்தை ஏற்படுத்தின. அதற்குத் தலைமையேற்றவர் டென்மார்க் தேசத்து மருத்துவ மிஷனெரி கிறிஸ்தியான் பிரிமொத்-மொல்லர். 1915 முதல் அங்கே நோயாளர் தங்கிச் சிகிச்சை பெற்றனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் பி.வி. பெஞ்சமின் பின்னாளில் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து ஒரு சானட்டோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் கணிதமேதை இராமானுஜன் நோயுற்றிருந்தபோது தம் சானட்டோரியத்தில் அவரை ஏற்றவரும் இவரே.

இத்தொண்டு பெரிதெனினும் அதற்கோர் எல்லை இருந்தது. படுக்கைகள் சிலவே, நோயாளரோ இலட்சக்கணக்கினர். ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு நீங்கியிருக்க ஏழைக் கூலியாளால் இயலாது. மேலும், நோயாளியை ஊரிலிருந்து அகற்றிவிட்டால் ஊர் தன் கடமையை முடித்துவிட்டது என்னும் எண்ணமும் மெல்ல வேரூன்றியது. திருச்சபைகளும் அவ்வெண்ணத்திற்கு விலக்கல்ல.

2. சென்னை தந்த விடை

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோநயசிடும் பயனுக்கு வந்தன. மருந்து உண்டெனில் நோயாளி படுக்கையில் கிடக்க வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாகாதா என்னும் வினா அப்போது எழுந்தது. இதற்கு விடை காணவே 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் இணைந்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதனை வழிநடத்தினார்.

சென்னையின் ஏழைமக்களுள் காசநோயுற்ற 193 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். எவர் எப்பிரிவில் சேர்வார் என்பது மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்படாமல் சீட்டுப்போடுவதுபோன்ற முறையில் முடிவாயிற்று. ஒரு பிரிவினர் ஓராண்டு சானட்டோரியத்தில் தங்கினர். மற்றவர் நெருக்கமான தம் குடியிருப்புகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் தரப்பட்டன. சானட்டோரியத்தில் இருந்தோருக்கு ஓய்வும் சிறந்த உணவும் தாதியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டிலிருந்தோருக்கு அவை கிட்டவில்லை. பலர் வேலைக்கும் சென்றனர்.

1959-இல் வெளியான முடிவு உலகை வியப்பிலாழ்த்தியது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவில் குணமடைந்தனர். வீட்டில் நோயாளியோடு உடனிருந்தோருக்கு அதனால் மிகுதியான தொற்று ஏற்படவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெளிவாயிற்று. இதன் விளைவாக உலகெங்கும் சானட்டோரியங்கள் மெல்ல மறைந்தன. வீட்டுச் சிகிச்சை நடைமுறையாயிற்று.

ஆனால் இவ்வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் கவனியாமல் விடும் ஒரு செய்தி உண்டு. அச்சோதனையில் வீட்டில் இருந்த நோயாளி தனித்து விடப்படவில்லை. மருந்து வழங்குவதற்கு வாரந்தோறும் நிலையத்திற்கு வரச்செய்தனர். பணியாளர் அவருடைய இல்லத்திற்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றியும் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். வராதவரைத் தேடிச் சென்றனர். எனவே சென்னைச் சோதனை மெய்ப்பித்தது வீடே போதும் என்பதன்று; மருந்தோடு ஒருவர் சென்று காணும் வீடு சானட்டோரியத்திற்கு ஈடாகும் என்பதே. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்வந்தோர் முதற்பகுதியை ஏற்று இரண்டாவதை மறந்த இடங்களிலெல்லாம் நோயாளர் மருந்தை இடையில் நிறுத்தினர். மருந்துக்கு அடங்காத காசநோயும் தோன்றியது.

3. பெருந்தொற்றுக் காலம்

1918-ஆம் ஆண்டின் இன்புளூயென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதென மதிப்பிடுவர். அதே ஆண்டில்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். செஞ்சிக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தில், பெண் மருத்துவர் இன்மையால் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார் இறக்கக் கண்டதே அவரை இப்பணிக்கு அழைத்தது என்பது நாம் அறிந்ததே. இல்லத்திற்குள் சென்று காணத்தக்க ஒருவர் வேண்டும் என்னும் தேவையே அவ்வழைப்பின் உட்கரு.

ஒரு நூற்றாண்டுக்குப்பின் கோவிட் வந்தது. தமிழ்நாட்டில் 38,000-க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. அக்காலத்தில் ஆராய்ச்சி ஒரு பணிவைக் கற்பித்தது. குணமடைந்தோரின் பிளாஸ்மா உயிர் காக்கும் என்று பலரும் நம்பினர். இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளரிடம் முறையாகச் சோதித்தபோது அது இறப்பைக் குறைக்கவில்லை என்று 2020-இல் தெரிந்தது. மாறாக, எளிய பழைய மருந்தான டெக்சாமெத்தசோன் உயிர் காத்தது. பிரிட்டனில் நடந்த சோதனையில், செயற்கைச் சுவாசம் பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கோ அம்மருந்தால் பயனில்லை. நம் ஆவலையும் மெய்யையும் பிரித்தறிய ஆராய்ச்சி இன்றியமையாதது.

அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னையில் கோவிட்டால் மறைந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கஞ்செய்ய விடாது மக்கள் தடுத்தனர். உடலைக் கொண்டுசென்றோர் தாக்கப்பட்டனர். இறுதியில் உடன் மருத்துவர் ஒருவர் தம் கைகளாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கஞ்செய்தார். அச்செயலை எண்ணுந்தோறும் நாம் வெட்கமடைகிறோம். ஏனெனில் அவ்வாண்டுகளில் நாமும் பல வீடுகளின் வாயிலோடு திரும்பினோம். விலகியிருத்தல் அன்று கடமையே. ஆனால் விலகியிருத்தலும் கைவிடுதலும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நாம் சபைக்குக் கற்பிக்கத் தவறினோம்.

4. எடையும் உணவும்

சென்னைச் சோதனைக்குப்பின் மருந்தே போதும், உணவு இரண்டாந்தரமானது என்னும் கருத்து பரவியிருந்தது. அண்மை ஆராய்ச்சி அதனைத் திருத்தியுள்ளது. டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் சேத்துப்பட்டு நிலையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரோடு இணைந்து ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. 2,800 நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தினர் 10,345 பேரும் அதில் பங்குபெற்றனர். நோயாளர் அனைவருக்கும் திங்கள்தோறும் உணவுப்பொருள்கள் அளிக்கப்பட்டன. ஒரு பிரிவில் குடும்பத்தினருக்கும் அரிசியும் பருப்பும் தரப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரு திங்களில் எடை கூடிய நோயாளரிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. களஞ்சியம் நிறைந்தால் கோட்டை நிற்கிறது.

தமிழ்நாடு இன்னொரு திருத்தத்தையும் செய்தது. காசநோயால் நிகழும் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் இரு திங்களுக்குள் நேர்கின்றன. ஆதலின் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டறிந்தவுடனேயே நோயாளியின் எடையும் உயரமும், காலில் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க இயலுமா என்பன பார்க்கப்படுகின்றன. மிக நலிந்தவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஏனையோர் வீட்டிலிருந்தே மருந்துண்கின்றனர். படுக்கையா வீடா என்னும் பழைய வழக்கிற்கு இதுவே இன்றைய தீர்ப்பு: நோயாளியைக் கண்டு, நிறுத்துப் பார்த்து, அவருக்கேற்றதைச் செய்தல்.

5. ஆயருக்குரிய பகுதி

இத்திட்டம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்குமுன் செஞ்சிப் பகுதியின் ஒரு சிற்றூரில் மாணவரோடு வீடு சந்திக்கச் சென்றோம். கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர் காசநோய்க்கு மருந்துண்டு வந்தார். திண்ணையில் அமர்ந்திருந்தவர் நம்மைக் கண்டு எழ முயன்று சுவரைப் பற்றிக்கொண்டார். நாம் அவரை அமரச் சொல்லி, திருமறைப் பகுதி வாசித்து, ஜெபித்து, அடுத்த வீட்டிற்குச் சென்றோம். அவர் சாப்பிட்டாரா என்று வினவவில்லை. மூன்று வாரத்தில் அவருடைய அடக்க ஆராதனையை நாமே நடத்தினோம். துணையின்றி நிற்க இயலாமை சாவை முன்னறிவிக்கும் குறி என்று பின்னர்ப் படித்தபோது, சுவரைப் பற்றிய அந்தக் கையே நம் நினைவிற்கு வந்தது. மருந்து அவரிடம் இருந்தது. சென்று காண்போரும் இருந்தோம். ஆனால் நாம் காணவில்லை.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் நோயுற்றவன் பாளையத்திற்கு வெளியே இருக்கிறான். ஆசாரியனோ அவனிடம் புறப்பட்டுச் சென்று அவனைப் பார்க்கிறான். பிரித்துவைத்தலைக் கூறும் அச்சட்டமே சென்று பார்த்தலையும் கட்டளையிடுகிறது என்பது சிந்தித்தற்குரியது. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகளை உயிரோடெழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்வதை மறக்கவில்லை. உயிர் மீண்ட வியப்பில் பெற்றோர் மறந்திருக்கக்கூடிய ஒன்றை அவர் நினைவூட்டினார்.

உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் இந்தியர். ஆகவே எந்தச் சேகரமும் தனக்கு இதில் பங்கில்லை என்று கூற இயலாது. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனை ஆயர் வழங்க வேண்டியதில்லை. அவர் செய்யக்கூடியவை எளியவை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமுவோரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல். மருந்துண்பவரைத் தவறாது சென்று காணுதல். எழுந்து நிற்க முடிகிறதா, எடை கூடுகிறதா, உலையில் அரிசி உண்டா என்று வினவுதல். நலிந்தவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல். அறுப்பின் பண்டிகையில் வரும் நெல்லிலும் பயறிலும் ஒரு பங்கை அக்குடும்பங்களுக்கென ஒதுக்குதல்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. திண்ணையில் சற்று நேரம் கூடுதலாக அமர்ந்திருக்கும் பொறுமையே வேண்டும். வீடு சந்திப்பு நம் திருப்பணியின் மிகப் பழைய வழக்கம். அதுவே குணமாக்குதலின் பாதி என்று 1956-இல் சென்னையின் குறுகிய தெருக்களில் மருத்துவர் கண்டனர். நாம் கைவசம் வைத்திருந்தும் மதியாதிருந்த அவ்வழக்கத்தை இனியேனும் கண் திறந்து கைக்கொள்வோமாக.