மூன்றடிப் பெருமாளும் மூன்றேமுக்கால் மீட்டர் சாலையும்

ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது எவ்வளவு விவரம் எழுதித் தர வேண்டும்? பணம் பெருகப் பெருக எழுத்தும் பெருக வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் இரண்டு வேலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. ஒன்று, 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். மற்றொன்று, கல்வராயன் மலை ஊர்களுக்குப் போடும் சாலை.

சிற்பிக்கு ஒரு வரி போதும்: "வாகையில் மூன்றடி, நின்ற கோலப் பெருமாள்." அச்சாரம் கைமாறியதும் உளி ஓடத் தொடங்கும். மீதியைச் சிற்ப சாஸ்திரம் சொல்லிவிடுகிறது. பெருமாளுக்கு உத்தம தசதாலம் என்னும் அளவுமுறை. உயரம் 124 பாகம். தாயாருக்கு 120. பின் வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. கேட்டவர் இதையெல்லாம் அறிய வேண்டியதில்லை, செதுக்குபவர் அறிவார். கோணல் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்தும் விடும்.

சாலையின் கதை வேறு. 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் தளத்தின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர், போக்குவரத்து குறைவென்றால் 3 மீட்டர். ஒவ்வொரு அடுக்கின் கனம், ஜல்லியின் அளவு, தாரின் தரம், ஐந்தாண்டுப் பராமரிப்பு என எல்லாம் எழுத்தில் இருக்கும். டெண்டரில் யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டப்படி குறைந்த விலைக்கே வேலை போகும். எழுதாத எதற்கும் அந்த விலையில் இடம் இருக்காது. மேலே தார் விழுந்தபின் அடியில் போட்ட ஜல்லியை யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் அடுக்கடுக்காக அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றுகிறார்கள்.

ஆனாலும் ஒரு வரி ஆர்டரிலும் ஓட்டை உண்டு. மூன்றடி என்பது பீடத்தோடு சேர்த்தா, சேர்க்காமலா? மரம் நன்றாகக் காய்ந்ததா? ஏ.சி. அறையில் வைத்தால் காயாத மரம் வெடிக்கும். இதற்குச் சாஸ்திரத்தில் விடை இல்லை. வாங்குபவர்தான் சொல்ல வேண்டும்.

கட்டுக்கட்டான டெண்டரிலும் அப்படித்தான். திட்ட அறிக்கைக்கு முன் ஊராரோடு தடத்தை நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கோடையில் நடந்தால் ஓடை தெரியாது. ஐப்பசி மழையில் எந்த மடிப்பில் வெள்ளம் குறுக்கே பாயும் என்பது அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தெரியும். ஆகவே சிறுபாலங்களின் இடத்தை மழைக்காலம் வரை இறுக்காமல் வைப்பது நல்லது. அதே சாலை காட்டுக்குள் போனால் நெகிழ்வுக்கு இடமில்லை: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராமசபை பரிந்துரைக்கும் சாலைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமே எடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது.

ஆக, வேலையை ஏற்பவர் அறியாததையும், முடிந்தபின் கண்ணுக்கு மறைவதையும், சட்டம் கட்டுவதையும் எழுத வேண்டும். அவர் நம்மைவிட நன்றாக அறிந்ததை அவரிடமே விட வேண்டும். எழுதும் ஒவ்வொரு வரியும் பொறுப்பை எழுதியவர் பக்கம் நகர்த்துகிறது. பெருமாளின் மூக்கு எத்தனை விரற்கடை என்று சிற்பிக்குச் சொல்லிக் கொடுத்தவரால், முகம் சரியாக அமையாவிட்டால் சிற்பியைக் கேட்க முடியாது.