கேப்டன் லட்சுமி: படைக்கு முன்னும் பின்னும் ஒரு டாக்டர்

வகுப்பில் கேப்டன் லட்சுமியின் படத்தைக் காட்டினால், “சோல்ஜரா டீச்சர்?” என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். சோல்ஜர்தான். ஆனால் அவர் படையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு வருடம். டாக்டராக இருந்ததோ வாழ்நாள் முழுக்க.

1914 அக்டோபர் 24இல் சென்னையில் பிறந்தவர். தாயார் அம்மு சுவாமிநாதன், பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி போலீசுக்குத் தப்பி அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான், பொதுவுடைமைக் கருத்துகள் இளம் லட்சுமியின் காதில் விழுந்தன. 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். பிறகு மகப்பேறு மருத்துவம் படித்தார். 1940இல் சிங்கப்பூர் வந்து ஏழைத் தொழிலாளர்களுக்காக கிளினிக் நடத்தினார்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து பெண்கள் படை வேண்டும் என்றதும், கிளினிக்கை விட்டுவிட்டு ஜான்சி ராணிப் படையின் தலைமையை ஏற்றார். ஆசாத் ஹிந்த் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அவர்தான். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நம் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற கைகள் துப்பாக்கி பிடித்தன.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லணும். அந்தப் படைக்கு ஆதரவு தந்த அதே ஜப்பானியர்தான் தோட்டத்து ஆண்களை சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். ஒரே காலம், ஒரே தோட்டம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

1945இல் பர்மாவில் பிரிட்டிஷார் அவரைக் கைது செய்தனர். 1947இல் பிரேம் சைகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையில் வந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அமைத்தவர்களில் ஒருவரானார். 1984இல் போபால் விஷவாயு விபத்துக்குப் பின் மருத்துவக் குழுவோடு அங்கே போனார். 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றார். தொண்ணூறு வயது தாண்டியும் கிளினிக்கில் உட்கார்ந்தார். 2012 ஜூலை 23இல் காலமானபோது, உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

நமக்கும் இதில் ஒரு கடன் இருக்கு. அந்தப் படையில் இருந்த ராசம்மா பூபாலன் பிறகு ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் கண்டு, சம வேலைக்குச் சமச் சம்பளம் கேட்டுப் போராடினார். இன்று நாம் பேதமில்லாமல் வாங்கும் சம்பளத்தில் அவருடைய பங்கும் உண்டு.

தலைவிகளின் பெயர் நமக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து போன பெண்களில் பலரின் பெயர் தெரியாது. இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: “வீட்டில் கேளுங்க, நம்ம குடும்பத்தில், நம்ம பழைய தோட்டத்தில் யாராவது படைக்குப் போனாங்களா?” ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். கரும்பலகையில் எழுதுங்கள். அழிப்பதற்குள் நோட்டிலும் ஏற்றிவிடுங்கள்.